தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை: ஒரு வீதியின் சரித்திரம்

நமது பாடசாலைகள் ஆண்டுதோறும் ஒழுங்கு செய்யும் கல்விச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் ஒரே தடத்திலேயே செல்கின்றன. அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா, கண்டி என்று அரசர் வாழ்ந்த தலைநகர்களைப் பார்த்துத் திரும்புவதே வழக்கமாகிவிட்டது. மாணவர் தாதுகோபங்களின் உயரத்தைக் குறித்துக்கொள்வர். ஆசிரியர் அவற்றைக் கட்டுவித்த மன்னரின் பெயரையும் ஆட்சியாண்டையும் சொல்லிக்கொடுப்பர். ஒரு தலைநகரிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியிலுள்ள சிற்றூர்களோ தேநீர் அருந்துவதற்கும் வண்டிக்கு எண்ணெய் நிரப்புவதற்கும் உரிய இடங்களாகவே எஞ்சிவிடுகின்றன. ஆனால் அரண்மனைகளில் வாழாத மக்களின் சரித்திரத்தை அறிய விரும்புவோர்க்கு இச்சிற்றூர்களும் அவற்றை இணைக்கும் வீதிகளுமே முதன்மையான சான்றுகளாகும்.

இதனை மனத்திற்கொண்டு, சனி ஞாயிறு ஆகிய இரு நாள்களிற் சென்று முடிக்கத்தக்க பயணமொன்றை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் முன்வைக்க விரும்புகின்றோம். தலைமன்னாரிலே தொடங்கி மன்னார், அரிப்பு, மடு, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா ஆகிய ஊர்களின் வழியாக மாத்தளையிலே முடிவது இப்பயணம். அரிப்புக்கும் மடுவுக்கும் விலகிச் செல்லும் தூரத்தை நீக்கினால் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். நாம் ஒரு வானை அமர்த்திக்கொண்டு இவ்வழியே சென்றுவந்தோம். இடையிடையே நின்று பார்ப்பதற்கும் இளைப்பாறுவதற்கும் இரண்டு நாள்கள் போதுமாயிருந்தன.

இலங்கையிலே எத்தனையோ வீதிகள் இருக்க, இதனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்வதற்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் கால்நடையாகக் கடந்துசென்ற வழி இது. ஆங்கில உத்தியோகத்தர் இதனை வடக்கு வீதி என்றனர். இவ்வீதியின் தென்பாகத்திலேதான் 1848ஆம் ஆண்டிலே வரிகளுக்கும் கட்டாய வீதிவேலைக்கும் எதிராகச் சிங்கள விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். ஒரே வீதி இரண்டு மக்களின் உழைப்பை உண்டது. ஆயினும் ஒருவருடைய கதையை மற்றவர் அறியாதவாறே சரித்திரம் நமக்குக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கின்றது. இந்த அறியாமையால் நயமடைந்தோர் யார், நட்டமடைந்தோர் யார் என்பதை இவ்வூர்களே சொல்கின்றன.

தலைமன்னார் இறங்குதுறையிலே இன்று காணக்கிடைப்பவை கடலுக்குள் நீண்டு துருவேறி நிற்கும் பழைய பாலமும், வெளிச்சவீடும், வெண்மணலுமே. இங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவிலே இராமேசுவரத் தீவின் தனுஷ்கோடி முனை உள்ளது. 1914ஆம் ஆண்டு மதவாச்சியிலிருந்து இவ்விடம் வரை புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதன்பின் சென்னையிற் புறப்பட்ட ஒருவர் புகைவண்டியும் கப்பலும் மாறி கொழும்பை அடைதல் எளிதாயிற்று. 1964 டிசெம்பரில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற கப்பற்சேவையும் 1980களின் போர்ச்சூழலில் நின்றுபோயிற்று. 1990ஆம் ஆண்டிலே நின்ற புகைவண்டி 2015 மார்ச் மாதத்திலேயே மீண்டும் தலைமன்னாருக்கு வந்தது.

புகைவண்டியும் கப்பலும் வருவதற்கு முந்திய கதையே நமது பயணத்திற்கு முக்கியமானது. 1820களிலே கம்பளைப் பகுதியில் ஆரம்பமான கோப்பிச் செய்கை 1830களின் பிற்பகுதியிலே பெருந்தொழிலாக வளர்ந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டு நிலங்களையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. அந்நிலங்கள் ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு விற்கப்பட்டன. 1844இலேதான் அவ்விலை ஒரு பவுணாக உயர்ந்தது. வாங்கியோருள் வியாபாரிகள் மாத்திரமல்லர், அரசாங்கத்தின் உயர் உத்தியோகத்தரும் இருந்தனர். சட்டம் இயற்றியவர்களும் நிலம் வாங்கியவர்களும் ஒரே வட்டாரத்தினராயிருந்தனர் என்பதை மாணவர் மறக்கலாகாது.

நிலம் கிடைத்தது, உழைப்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. கண்டிச் சிங்கள விவசாயிகள் தோட்டத்திலே நிரந்தரக் கூலிகளாக வர இசையவில்லை. அவர்கள் சோம்பேறிகள் என்று துரைமார் எழுதிவைத்தனர். அந்த வசை இன்றும் சிலருடைய வாயிலே நிலவுகின்றது. சொந்த வயலும் தோட்டமும் உள்ள ஒருவன், அற்ப கூலிக்காக அந்நியனுடைய தோட்டத்திலே நாள் முழுதும் கட்டுண்டு கிடக்க ஏன் விரும்புவான்? அவன் மறுத்தது உழைப்பை அன்று, அடிமைப்பாட்டையே. பாக்குநீரிணைக்கு அப்பாலோ வேறு நிலைமை. நிலவரிச் சுமையும், கடனும், வரட்சியும், சாதிக் கொடுமையும் தமிழகத்து நிலமற்ற மக்களைத் துரத்திக்கொண்டிருந்தன. திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் கூட்டங்கூட்டமாக ஆள்சேர்த்து வந்தனர். முற்பணமாகப் பெற்ற சிறுதொகை, தோட்டத்தை அடையுமுன்பே தீராக் கடனாக வளர்ந்துவிடும்.

கோப்பி பருவகாலப் பயிர். ஆண்டின் இறுதி மாதங்களில் அறுவடைக்குப் பெருந்தொகையான ஆள்கள் வேண்டும். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பலாம். ஆகவே 1840களிலிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரவர் தோணிகளிலே கடல் கடந்து, தலைமன்னார்க் கரையிலும் அரிப்பை அடுத்த கரைகளிலும் இறங்கி, மலைநாட்டை நோக்கி நடந்தனர். மீண்டும் அவ்வழியே நடந்து திரும்பினர். ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்த பின்னரே குடும்பங்களோடு நிலைத்து வாழும் தொழிலாளர் சமுதாயம் தோட்டங்களிற் பெருகியது. பயிர் மாறியபோது மக்களின் வாழ்க்கைமுறையும் மாறியது.

மன்னார் நகரின் நுழைவாயிலிலே நிற்பது கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்தியமைத்தனர். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. மூன்று ஏகாதிபத்தியங்களின் பெயரும் ஒரே மதிலிலே படிந்திருக்கின்றன. பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரம் இவை அனைத்திற்கும் மூத்தது; அதன் வயது ஏறக்குறைய 700 ஆண்டுகள் என்பர். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரமும், நகர வீதிகளிலே தம்விருப்பப்படி திரியும் கழுதைகளும், அராபிய வணிகரோடு வந்தவை என்பது இவ்வூரார் வழங்கும் செய்தி. கடல் வணிகத்தால் வளர்ந்த ஊர் இது. நகருக்கு அண்மையிலுள்ள மாந்தை, பண்டைக்காலத்திலே பெருந்துறையாக விளங்கிற்று. திருக்கேதீச்சரம் அங்கேயே உள்ளது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் என்ற பெருமையை நாம் அறிவோம். அத்துறையிலே மூட்டை சுமந்தோரின் பெயர்களைச் சொல்வார் இல்லை.

மன்னாரின் கதையிலே நமக்கு உவப்பில்லாத பக்கங்களும் உண்டு. அவற்றை மூடிவிட்டுச் செல்லுதல் ஆசிரியர்க்கு அழகன்று. 1544ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசன் சங்கிலி, மன்னாரிலே கத்தோலிக்கராக மாறிய நூற்றுக்கணக்கானோரைக் கொல்வித்தான். 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் அவர்களுடைய ஊர்களிலிருந்து வெளியேற்றினர். மன்னாரின் எருக்கலம்பிட்டியும் முசலிப் பகுதிக் கிராமங்களும் அவ்வாறு வெறுமையாயின. தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தையிலே மீனும் நெல்லும் மாற்றிக்கொண்ட மக்கள் அவர்கள். தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை மாத்திரம் நினைவிற் கொள்ளும் சரித்திரம், அரசர் புகழ் பாடும் சரித்திரத்தினும் மேலானதாகாது.

மன்னாரிலிருந்து தெற்கே கரையோரமாகச் சென்றால் அரிப்பை அடையலாம். கண்டியரசனின் நாட்டிலே பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டு காட்டுவழியே தப்பி வந்து சேர்ந்தது இவ்வூரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையையே. அதற்கு அணித்தாகக் கடல் அரித்த மேட்டிலே சிதைந்து நிற்கும் கட்டடம், முதல் ஆங்கிலத் தேசாதிபதியான பிறெடறிக் நோர்த்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமக்கெனக் கட்டுவித்த மாளிகை. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகக் கட்டப்பட்டது அது. ஊர்மக்கள் அதனை அல்லியரசாணியின் கோட்டை என்கின்றனர். தேசாதிபதியின் பெயரை மறந்துவிட்டுக் கதையிலே வரும் அரசியின் பெயரைச் சூட்டிக்கொண்டனர்.

முத்துக்குளிப்பு நடைபெறும் ஆண்டுகளிலே இவ்வெறுங்கரையில் ஒரு நகரமே எழும். இரு கரைகளையும் சேர்ந்த தமிழர், முஸ்லிம்கள், மலையாளிகள், அராபியர் முதலிய பலரும் கூடுவர். காலிலே கல்லைக் கட்டிக் கடலடிக்கு இறங்கிய குளிகாரனுக்குக் கிடைத்தது சிப்பியில் ஒரு பங்கு. பெரும்பங்கு அரசாங்கத்துக்குச் சென்றது. சுறாமீன் தீண்டாதவாறு மந்திரம் ஓதுவதற்குக் கடற்கட்டி என்போரும் இருந்தனர். ஆங்கில அரசாங்கமே அவர்களுக்கு ஊதியம் கொடுத்தது. மந்திரத்திலே துரைமாருக்கு நம்பிக்கை இருந்தது என்று கொள்ளவேண்டியதில்லை. கடற்கட்டி இல்லாவிட்டாற் குளிகாரன் கடலில் இறங்கான்; குளிகாரன் இறங்காவிட்டால் திறைசேரி நிறையாது. 1906ஆம் ஆண்டு முத்துப்படுகைகள் ஆங்கிலக் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அதன்பின் சிப்பிகள் குன்ற, அத்தொழில் விரைவிலே நலிந்தது.

அரிப்பிலிருந்து முருங்கனுக்கு மீண்டு கிழக்கு நோக்கிச் செல்கையில், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்கள் கண்ணுக்கு இனிமை தருகின்றன. பின்னர் வீதியின் இருமருங்கும் காடு சூழ்கின்றது. வண்டியின் யன்னலோரம் அமர்ந்து பார்க்கும் நமக்கு அக்காடு குளிர்ச்சியானது. தலையிலே சட்டியும் அரிசி முடிச்சும், இடுப்பிலே குழந்தையுமாக நடந்தோர்க்கு அது வேறு. ஒரு நீர்நிலைக்கும் மறு நீர்நிலைக்கும் இடையே நெடுந்தூரம். கோடையிலே குளங்கள் வற்றிச் சேறாகும்; அச்சேற்று நீரைப் பருகியோரை வாந்திபேதி பற்றும். அம்மை நோயும் காய்ச்சலும் கூட்டத்தோடு நடந்தன. நோயுற்றவனுக்காகக் கூட்டம் காத்திராது. காத்திருப்பதற்கு உணவு இராது. வழியோரத்தே கிடந்த உடல்களையும் எலும்புகளையும் பற்றி அக்காலத்தவரே எழுதியிருக்கின்றனர். இறந்தோர் எத்தனை ஆயிரவர் என்பது அன்றே பத்திரிகைகளில் வாதத்துக்குரியதாயிற்று. வரலாற்றாசிரியர் இன்றும் அதுபற்றி மாறுபடுகின்றனர். கோப்பி மூட்டைகளுக்குத் துல்லியமான கணக்கு வைத்த ஓர் ஆட்சியிலே, மனிதரின் சாவு வாதத்துக்குரியதாய் நின்றது.

தொழிலாளர் வரவு தடைப்பட்டால் அறுவடை கெடும் என்ற அச்சம் தோட்ட முதலாளிகளைப் பற்றிய பின்னரே, வழியிலே தங்குமடங்களும் கிணறுகளும் மருத்துவக் குடில்களும் மெல்லமெல்ல அமைந்தன. நூற்றாண்டின் இறுதியோடு நடைவழி கைவிடப்பட்டது. புதிய வழியிலே கப்பலும் புகைவண்டியும், மண்டபத்திலே தொற்றுநோய்த் தடுப்பு முகாமும் வந்தன. நடை நின்றது; கடன் நிற்கவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் தொழிலாளியின் கடனைக் குறித்துக் கொடுத்த சீட்டாகிய துண்டு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஒழிக்கப்படும் வரை அவனைப் பின்தொடர்ந்தது.

மதவாச்சிக்குச் செல்லும் வழியிலே உள்ளது மடு. பதினேழாம் நூற்றாண்டிலே ஒல்லாந்தரின் சமயக் கெடுபிடிக்கு அஞ்சிய கத்தோலிக்கர் மாதாவின் சொரூபத்தைக் காட்டுக்குள் எடுத்துவந்த வரலாறு அத்திருத்தலத்துக்கு உண்டு. ஆவணி விழாவிலே சிங்களவரும் தமிழரும் அருகருகே கொட்டகையிட்டுத் தங்குவர். நீர்கொழும்பு மீனவனும் மன்னார் விவசாயியும் ஒரே கிணற்றில் நீர் அள்ளுவர். போர்க்காலத்திலே இடம்பெயர்ந்தோர்க்கு இவ்விடமே புகலிடமாயிற்று. 1999 நவம்பரில் அப்புகலிடத்திலும் எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர்.

மதவாச்சி ஒரு புகையிரதச் சந்தி. யாழ்ப்பாணத்துக்கு ஒரு பாதையும் தலைமன்னாருக்கு மற்றொரு பாதையும் இங்கே பிரிகின்றன. சிங்களக் கடைக்காரரும் தமிழ்ப் பயணிகளும் முஸ்லிம் வியாபாரிகளும் ஒருவருக்கொருவர் மொழியை உடைத்துப் பேசி வாழ்ந்த ஊர். போர் நடந்த ஆண்டுகளிலோ வடக்கேயுள்ள மக்களுக்குச் சோதனைச் சாவடியின் பெயராகவே அறிமுகமான ஊர். முதல்நாட் பயணத்தை இங்கு முடித்து, அநுராதபுரத்திலோ மிகிந்தலையிலோ இராத் தங்கலாம்.

மறுநாட் காலை மிகிந்தலையிலே மாணவர் மலையேறி, மகிந்ததேரர் தேவநம்பியதீசனைச் சந்தித்த கதையைக் கேட்பர். நாம் சிறப்பாகக் காட்ட விரும்புவது அங்கே நிற்கும் இரு கற்பலகைகளை. பத்தாம் நூற்றாண்டிலே ஆண்ட நான்காம் மகிந்தன் பொறிப்பித்த சாசனம் அது. பிக்குகள் ஒழுகவேண்டிய விதிகளோடு, விகாரையிலே வேலைசெய்தோர் இன்னின்னார், அவர்களுக்கு உரிய அரிசி எவ்வளவு, நிலம் எவ்வளவு என்ற விபரமும் அதிலே உண்டு. அரசனின் கல்லெழுத்தும் உழைப்போரை விட்டுவிட்டு எழுத இயலவில்லை. அக்கல்லின் முன் மாணவரை இருத்தி, தூபியைக் கட்டியவர் யார் என்று மறுபடியும் கேட்டாற் புதிய விடைகள் வரும்.

தம்புள்ளையிலே குகைக் கோயிலின் ஓவியங்களைக் காண உலகின் பல பாகத்தினரும் வருகின்றனர். 1991இல் அது உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது. வலகம்பா மன்னன் ஒளித்திருந்த இடம் என்பது எல்லார்க்கும் தெரியும். 1848 யூலை 28ஆம் நாள் அதே விகாரையிலே கொங்காலேகொட பண்டா என்பவன் அரசனாக முடிசூட்டப்பட்டான் என்பதையும் அங்கு நின்று சொல்லவேண்டும். கோப்பி விலை சரிந்து திறைசேரி வெறுமையுற்ற வேளையிலே தேசாதிபதி டொறிங்டன் பிரபு துப்பாக்கிக்கும், நாய்க்கும், கடைக்கும், வண்டிக்கும் வரி விதித்தார். அவற்றினும் கொடியதாக மக்கள் கருதியது வீதிச் சட்டம். வளர்ந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது அச்சட்டம். இராசகாரியத்தை ஒழித்துவிட்டோம் என்று 1830களிலே பெருமைபேசிய ஆட்சி, பதினைந்து ஆண்டு கழிந்ததும் அதனை வேறொரு பெயரால் மீட்டுக்கொண்டது. யாருக்காக இவ்வீதிகள்? கோப்பியை இறக்குவதற்கும், தொழிலாளரையும் அரிசியையும் ஏற்றுவதற்கும். தம் சேனை நிலத்தை இழந்த விவசாயிகள், அந்நிலத்திலே விளைந்த கோப்பி செல்லும் வழியைத் தாமே வெட்டிக் கொடுக்கவேண்டும் என்பதே அச்சட்டத்தின் பொருள்.

முடிசூடிய கையோடு மக்கள் மாத்தளையை நோக்கிச் சென்றனர். அரசாங்கக் கட்டடங்களையும் கோப்பிக் களஞ்சியங்களையும் தாக்கினர். கலகத்தின் தலைவருள் ஒருவனாகிய புரன் அப்பு மொறட்டுவையிற் பிறந்தவன். கண்டி நாட்டான் அல்லன். இராணுவச் சட்டத்தின் கீழ் 1848 ஓகஸ்ட் 8ஆம் நாள் கண்டியிலே அவன் சுட்டுக்கொல்லப்பட்டான். பிக்கு ஒருவரும் துவராடையுடன் சுடப்பட்டார். கொங்காலேகொட பண்டா கசையடி பெற்று மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான். அடக்குமுறையின் கொடுமை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலே விசாரணைக்குள்ளாகி, 1850இல் டொறிங்டன் பதவி நீங்க நேர்ந்தது.

அந்த 1848ஆம் ஆண்டிலும் அறுவடைக் காலத்திலே தமிழ்த் தொழிலாளர் இதே வீதியால் நடந்தனர். கலகக்காரனின் கண்ணுக்கு அவர்கள் தன் நிலத்தைப் பறித்தவனின் ஆள்களாகத் தோன்றியிருத்தல் கூடும். தொழிலாளரின் கண்ணுக்கு அவன் தாம் அறியாத மொழி பேசும் அந்நியன். நிலத்தை இழந்த ஒருவனும் நிலமே இல்லாத மற்றொருவனும் ஒரே தோட்டத்தின் இரு எல்லைகளிலே நிறுத்தப்பட்டனர். அவர்களைச் சேர்த்துவைக்கும் அமைப்போ மொழியோ அன்று இருக்கவில்லை. இதனால் நயமடைந்தவன் தோட்டத்துரை. இருபதாம் நூற்றாண்டிலே அந்தப் பிரிவினையின் பயனை உள்நாட்டு ஆளும் வர்க்கம் முதுசமாகப் பெற்றுக்கொண்டது.

தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையிலே நாலந்தாவின் கெடிகே உள்ளது. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் இக்கற்றளி பௌத்த ஆலயம். ஆனால் மாமல்லபுரத்தை நினைவூட்டும் திராவிடக் கட்டட முறையிலே அமைந்தது. மகாவலித் திட்டத்தின் போவத்தன்ன நீர்த்தேக்கத்தில் அது மூழ்காதவாறு, கல்கல்லாகக் கழற்றி 1980ஆம் ஆண்டளவிலே மேட்டில் மீண்டும் அடுக்கினர். இது சிங்களவருடையதா தமிழருடையதா என்று கேட்போர்க்கு அக்கற்கள் விடை தருவதில்லை. கலை மக்களோடு நடந்து செல்வது. எல்லைக்கற்களை அது அறியாது.

பயணம் முடிவுறும் மாத்தளையிலே 108 அடி உயரமான இராசகோபுரத்துடன் நிற்கின்றது முத்துமாரியம்மன் கோயில். வழிநடைத் துன்பத்திலிருந்து உயிர் தப்பி மலைநாட்டின் வாயிலை அடைந்த தொழிலாளர், மரத்தடியிலே வைத்து வணங்கிய தெய்வம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோயில் கொண்டது. அம்மையும் பேதியும் துரத்திய மக்கள் மாரியைத் தேர்ந்தமை இயல்பே. 1983 யூலையில் அக்கோயிலும் அதன் தேர்களும் தீக்கிரையாக்கப்பட்டன. அதே நகரிலே 1848ஆம் ஆண்டுப் போராளிகளுக்கும் நினைவுச் சின்னம் உண்டு. கோயிலுக்கு வருவோர் அச்சின்னத்தைப் பார்க்காமற் போகின்றனர். சின்னத்துக்கு மாலை சூட்டுவோர் கோயிலின் கதையை அறியார். இரண்டும் ஒரே சுரண்டலிலிருந்து பிறந்தவை என்று சொல்லும் பலகை எதனையும் நாம் அங்கே காணவில்லை.

இவ்வீதி மேல்நோக்கி மாத்திரம் நடக்கப்பட்டதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைவர்களிலே ஒரு பகுதியினர் அக்காலத்திலே அரசாங்கத்தில் அமர்ந்திருந்தனர். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, 975,000 மக்களிலே 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தது. அவ்வேளை இடதுசாரிக் கட்சியொன்றும் அரசாங்கத்திலே பங்காளியாயிருந்தது என்பதை இடதுசாரிகளாகிய நாம் மறைத்தலாகாது. பேரனார் நடந்து வந்த திசைக்கு எதிர்த்திசையிலே பேரப்பிள்ளைகள் புகைவண்டியில் ஏறித் தலைமன்னாரை அடைந்தனர். தாம் கண்டறியாத ஒரு நாட்டுக்குத் தாயகம் திரும்புவோர் என்ற பெயரோடு கப்பலேறினர். 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களுக்கு அஞ்சிய வேறுபல குடும்பங்கள் வன்னிக்கு வந்து காடுவெட்டிக் குடியேறின. அங்கும் பலர் பிறர் வயலிலே கூலிகளாயினர். வடக்கிலே அவர்களை நாம் எவ்வாறு நடத்தினோம் என்பது தனியாக எழுதத்தக்க விடயம்.

2003ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டரீதியான முடிவு ஏற்பட்டது. மலையக மக்களின் இருநூறாவது ஆண்டு நினைவாக 2023 யூலை இறுதியிலே தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் மாதத்திலே மாத்தளையை அடைந்தது. செப்பனிட்ட வீதியும், தங்க இடமும், குடிக்க நீரும் இருந்தும் இரு வாரங்களுக்கு மேல் ஆயின. வழியிலே சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தனர். காணியுரிமையும் வீட்டுரிமையும் நியாயமான கூலியும் அவர்களின் கோரிக்கைகளாயிருந்தன. லயன் அறைகளிலே இன்றும் வாழும் குடும்பங்களுக்கு அக்கோரிக்கைகள் பழையனவல்ல.

ஆகவே ஆசிரிய நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணைச் சுற்றுலாவுக்கு இவ்வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வோர் ஊரிலும் மாணவர் மூன்று வினாக்களைக் கேட்கட்டும்: இதனைக் கட்டியவர் யார்? அதற்குரிய செலவைச் சுமந்தவர் யார்? இங்கே யாருடைய பெயர் எழுதப்படவில்லை? முடியுமாயின் மாத்தளையிலோ மதவாச்சியிலோ ஒரு சிங்களப் பாடசாலையோடு தொடர்புகொண்டு, அதன் மாணவரையும் அழைத்துச் செல்லுங்கள். தம்புள்ளையின் கதையை அவர்கள் சொல்லட்டும். அரிப்பின் கதையை நம் பிள்ளைகள் சொல்லட்டும். மாத்தளையிலே கோயிலையும் நினைவுச் சின்னத்தையும் இரு பாடசாலை மாணவரும் சேர்ந்தே பார்த்துவிட்டு வீடு திரும்பட்டும்.